ஊர்ப் பதிவேட்டில் கடல் என்ற ஒன்றே இல்லை, எப்படித் திருத்துவது?

ஜெராக்ஸ்கடை தம்பி

வணக்கம். ஊர்ப்பெயர் வேண்டாம், ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஊராட்சி ஆபீசிலிருந்து ஒரு பழைய ஃபைலைக் கொண்டுவந்து, இதை டைப் பண்ணிப் புதுப்பித்துக் கொடு, இயற்கை வளப் பாதுகாப்புத் திட்டம் போடணும், கிராம சபையில் வைக்கணும் என்றார்கள். ஃபைலின் மேல் "மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு" என்று போட்டிருந்தது.

உட்கார்ந்து படித்தேன். பயிர்கள் என்ற தலைப்பில் நெல், கரும்பு, மஞ்சள். எங்கள் ஊரில் கரும்பு பொங்கலுக்கு லாரியில் வருவது. மீன்கள் என்று கெண்டை, கட்லா, ரோகு. சூடை இல்லை, காரல் இல்லை, ஓரா இல்லை, நண்டு கணவாய் எதுவும் இல்லை. முந்நூறு வீட்டில் இருநூறு வீடு கடலை நம்பி இருக்கிற ஊர் சார் இது. 31-ஆம் பக்கத்தில் வேறு ஒரு ஊரின் பெயரே அப்படியே கிடக்கிறது, அழிக்க மறந்துவிட்டார்கள் போல.

டைப் மட்டும் பண்ணிக் கொடுத்தால் 400 ரூபாயோடு வேலை முடியும். ஆனால் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர், அப்பா மீன்பிடி வல்லத்தில் போனவர், இதைப் பார்த்துவிட்டு அப்படியே அடித்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு அப்புறம் சொன்னது வேறு: "நாங்க எங்க பாசி எடுக்குறோம்னு மட்டும் எழுதிடாத, நாளைக்கு அதையே காட்டிப் பிடிப்பாங்க." அதில்தான் குழம்பிப்போய் இருக்கிறேன்.

கேள்வி இதுதான். இந்தப் பதிவேடும் ஊராட்சித் திட்டமும் ஒன்றா? திருத்த எங்களுக்கு உரிமை இருக்கிறதா, அதிகாரிதான் திருத்த வேண்டுமா? கடலை எழுதலாமா, எழுதினால் எந்த அளவுக்கு? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


கண்மாய்க்கரை

தம்பி, ஊரக வளர்ச்சியில் 29 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஊர் ஒன்றுக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை, மனதை விட வேண்டாம். பல்லுயிர்ச் சட்டம் 2002-ல் வந்தது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, ஊர் மக்களைக் கலந்து பதிவேடு எழுத வேண்டும் என்று விதி. வருஷக்கணக்காக யாரும் கண்டுகொள்ளவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 வரை கெடு வைத்தது, தவறினால் பிப்ரவரியிலிருந்து மாநிலம் மாதம் 10 லட்சம் கட்ட வேண்டும் என்றது. அவ்வளவுதான், நாடு முழுக்க ராவோடு ராவாகப் பதிவேடுகள் பிறந்தன. ஒரு ஊருக்கு எழுதியதை எடுத்து அடுத்த ஊருக்குப் பெயர் மாற்றினார்கள். உங்கள் 31-ஆம் பக்கம் அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

இரண்டும் ஒன்றல்ல. பதிவேடு என்பது ஊரில் என்ன இருக்கிறது, அதை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்கிற கணக்கு. அதற்குள் பணம் எதுவும் கிடையாது. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று வருஷா வருஷம் போடுவது தனி, அதில்தான் வேலையும் தொகையும் வரும். 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டார்கள், மழைநீர் சேகரிப்பும் அதற்குள் அடக்கம். ஊரணி தூர்வாரணும், வரத்துக்கால் வெட்டணும் என்றால் வளர்ச்சித் திட்டத்தில் ஏற்ற வேண்டும். பதிவேட்டில் மட்டும் எழுதிவிட்டு யாரோ வந்து வெட்டுவார்கள் என்று காத்திருந்தால் பிள்ளைக்குட்டி காலத்திலும் வராது.

எது யாருடையது என்பதையும் பார்த்து எழுதுங்கள். ஊரணி ஊராட்சிக்கு. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய் ஒன்றியத்துக்கு, அதற்கு மேல் நீர்வளத் துறைக்கு. தீவுகளும் அதைச் சுற்றிய கடலும் வனத்துறையிடம். அடுத்தவன் சொத்துக்கு நீங்கள் திட்டம் போட்டால் ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆனால் "இன்ன துறையிடம் இதைக் கோருவது" என்று தீர்மானம் போடலாம், அதை யாரும் தடுக்க முடியாது.

உரிமை கேட்டீர்களே, பதிவேட்டை எழுதுவதும் சரிபார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. அதிகாரி உதவலாம், அவ்வளவுதான். குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் குழு என்று ஒன்று இருக்கிறதா, அதில் யார் பெயர்கள் இருக்கின்றன என்று முதலில் கேட்டு வாங்குங்கள். தங்கள் பெயர் அதில் இருப்பது தெரியாமலேயே நாலு பேர் இருப்பார்கள், என் அனுபவத்தில் சொல்கிறேன்.


உப்புக்காற்று

எதுக்கு இவ்வளவு சிரமம்? 2025 ஜனவரியோடு தலைவர், வார்டு மெம்பர் எல்லாருடைய காலமும் முடிந்து தனி அலுவலர் கையில் ஊராட்சி போனது. அவர் ஒருத்தர் எத்தனை ஊரைப் பார்ப்பார்? நீ உட்கார்ந்து எழுதுவாய், அது பீரோவுக்குள் போகும், பத்து வருஷம் கழித்து இன்னொரு தம்பி அதை எடுத்து ஜெராக்ஸ் போடுவான். 400 ரூபாயை வாங்கிக்கொள்.


கண்மாய்க்கரை

@உப்புக்காற்று பீரோவில் சரியான பதிவேடு இருப்பதற்கும் தப்பான பதிவேடு இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நாளைக்கு அந்தக் கரையில் இறால் பண்ணையோ ரிசார்ட்டோ வரும்போது, "இங்கே மீன்பிடித் தொழிலே கிடையாது, உங்கள் ஊர்ப் பதிவேட்டிலேயே இல்லையே" என்று எடுத்துக் காட்டுவது சுலபம். இல்லாத கரும்பை எழுதியது வெறும் கேலிக்கூத்து, இருக்கிற கடலை விட்டதுதான் ஆபத்து.


தொண்டிக்காரன்

எங்கள் பக்கம் பாக் விரிகுடா. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஊரில் இதேபோல் ஒன்றைத் திருத்தினோம். முழுசாக முடியவில்லை, ஆனாலும் பாதியாவது உண்மையாக இருக்கிறது. நாங்கள் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபார்மை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். "உங்கள் பகுதியில் உள்ள தாவரங்கள் யாவை" என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? வேம்பு, புளி, தென்னை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கச் சொன்னார்கள்.

அப்புறம் ஃபார்மை மூடி வைத்துவிட்டு, எழுபது தாண்டிய ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு அதிகாலையில் கரையோரமாக நடந்தோம். அன்றைக்கு வாடை அடித்துக்கொண்டிருந்தது. அவர் மணலைப் பார்த்துக்கொண்டே வருகிறார், ஒரு இடத்தில் நின்று காலால் காட்டினார், ராவணன் மீசை என்கிற மணல்புல் வேரோடு பெயர்ந்து உருண்டு கிடந்தது. "இது மூணு வருஷத்துக்கு முன்னால இந்த மேட்டை முழுக்கப் பிடிச்சு நின்னுச்சு, மண்ணை அள்ளினாங்க, இப்ப மேடே இல்ல, அந்தா பாரு தண்ணி எங்க வந்து நிக்குது" என்றார். அடுத்து அடப்பங்கொடி, அது பங்குனி ஆமை முட்டை போட ஏறுகிற இடம் என்றார், எந்த மாதம், எந்த இடுக்கு என்று வரிசையாக. இரண்டு மைல் நடப்பதற்குள் என் நோட்டில் பதினாலு பக்கம் நிரம்பியது. கேள்வி கேட்கவே இல்லை, கூட நடந்தோம், அவ்வளவுதான்.

பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். அறிவியல் பெயரைப் பிறகு யாராவது படித்த பிள்ளை சேர்த்துக்கொள்ளட்டும். ஆவுளியா என்றால் ஆவுளியா என்றே எழுதுங்கள், கடல்பசு என்று பக்கத்தில் போடுங்கள். ஆமை என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள், பேராமை வேறு, அழுங்காமை வேறு, பங்குனி ஆமை வேறு.

ஒன்று கவனித்தேன். ஃபார்மில் "எங்கே" என்று கேட்கிறார்கள், "எப்போது" என்பதற்குச் சின்னக் கட்டம்தான். கடலில் பாதி விஷயம் எப்போது என்பதில்தான் இருக்கிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நீங்கள் இருக்கிற மன்னார் வளைகுடா பக்கம் கொந்தளிக்கும், எங்கள் பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும். வடகிழக்கு வாடைக்கு அப்படியே தலைகீழ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. இதையெல்லாம் மாதவாரியாக ஒரு பக்கம் தனியாகப் போட்டோம், எங்கள் பதிவேட்டில் உருப்படியான பக்கம் அது ஒன்றுதான் என்பேன்.

வெளியிலிருந்து வந்ததையும் விடாதீர்கள். சீமைக்கருவேலத்தை எல்லாரும் எழுதுவார்கள். பெப்சி பாசியை எழுத மறப்பார்கள். கப்பாஃபைகஸ் என்கிற அந்தப் பாசியை வளர்ப்புக்காகத்தான் இந்தக் கடலுக்குக் கொண்டுவந்தார்கள். குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் அது படர்ந்துவிட்டதாக 2008-லேயே ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். இப்போதும் அதை வளர்த்துப் பிழைக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு, நல்லது கெட்டது தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை, உங்கள் கரையில் ஒதுங்கினால் தேதி போட்டு எழுதி வையுங்கள்.


பாசிக்காரி மகள்

தம்பி, உங்கள் அம்மா சொன்னதற்கு யாரும் பதில் சொல்லாமல் போகிறார்கள், அதனால் எழுதுகிறேன். எங்கள் அம்மாவும் பாம்பன் பக்கம் பாசிக்குப் போனவர். விரலுக்கு விரல் துணி சுற்றி, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டிக்கொண்டு இறங்குவார். சாயங்காலம் துணியை அவிழ்க்கும்போது விரல் நுனி வெளுத்து சுருங்கி, பாறை கீறிய இடமெல்லாம் உப்பு ஏறிக் கிடக்கும், சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவார். அப்படிச் சம்பாதித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்.

அந்தப் பயம் ஒன்றும் இல்லாததிலிருந்து வரவில்லை. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளையும் 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகம் என்றார்கள். தலைமுறையாகப் போன இடம் ஒரு அறிவிப்பில் போகக்கூடாத இடம் ஆனது. ஆகவே "இன்ன தீவுக்குப் பக்கத்தில் இத்தனை பேர் பாசி எடுக்கிறோம்" என்று ஊராட்சி முத்திரையோடு எழுதி வைத்தால், அது உரிமைக்குச் சான்றா, குற்றத்துக்கு ஒப்புதலா என்று அந்த நேரத்தில் கையில் வைத்திருப்பவர் தீர்மானிப்பார்.

அதற்காக ஒன்றுமே எழுதாமல் விட்டால் நாம் இல்லாத ஆட்கள் ஆகிவிடுவோம், கண்மாய்க்கரை ஐயா சொன்னதும் சரிதான். எங்கள் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து பேசி ஒரு வழி எடுத்தோம். தொழிலை எழுதினோம், இடத்தை எழுதவில்லை. மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கடா பாசி, எது எந்த மாதம் விளையும், எதை எப்படி எடுத்தால் மறுபடி தழைக்கும், எத்தனை வீடு இதை நம்பி இருக்கிறது, இவ்வளவும் இருக்கிறது. எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு), எத்தனை பாகம் ஆழம் என்பது இல்லை. பதிவேட்டை யார் பார்க்கலாம் என்பதில் உள்ளாட்சிக்குப் பிடி உண்டு, எல்லாப் பக்கத்தையும் இணையத்தில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கடல் அட்டை விஷயத்திலும் இதேதான், 2001-லிருந்து அதைப் பிடிக்கவே தடை, எங்கே கிடக்கிறது என்று எழுதினால் திருடனுக்கு வழிகாட்டியது மாதிரி ஆகும்.

நாமே வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டைக் கண்டிப்பாக எழுதுங்கள், பலர் விடுகிறது அதைத்தான். எங்கள் பக்கப் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது, இரும்புச் சுரண்டி எடுத்துப்போகாமல் கையால் கிள்ளுவது என்று தாங்களே முடிவு பண்ணினார்கள். யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015-ல் சீகாலஜி என்கிற அமைப்பு விருது கொடுத்ததே, இந்த மாதிரிக் காரியத்துக்காகத்தான். பாதுகாப்புத் திட்டம் என்றாலே அதிகாரி வந்து நம்மைத் தடுப்பது என்று ஆகிவிட்டது, நாம் ஏற்கெனவே பாதுகாத்துக்கொண்டிருப்பதும் அந்தத் திட்டத்தில் ஒரு வரியாக நிற்கட்டும்.

அப்புறம், கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். அந்நேரம் பெண்கள் தண்ணீருக்குள் இருப்பார்கள்.


கீழக்கரை காக்கா

எல்லாரும் கடலையே பேசுகிறீர்கள், குடிக்கிற தண்ணீரை யார் பேசுவது? நம்ம கரையில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் உப்புத் தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கிற ஒரு ஏடு, பால் மேல் ஆடை மாதிரி. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணீர் நிற்கும் என்பார்கள் நிலத்தடி நீர் படித்தவர்கள். அப்படியானால் மோட்டார் போட்டு மேலே ஒரு அடியைக் குறைத்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் உம்மா காலத்தில் ஊற்றில் உட்கார்ந்து சிரட்டையால் மோந்து மோந்து குடத்தை நிரப்புவார்கள், அரை மணி நேரம் ஆகும், சலிப்பாக இருக்கும், ஆனால் அந்த வேகத்துக்கு மேல் எடுக்க முடியாததால்தான் ஊற்று நின்றது.

மணல்மேடு போனால் தண்ணீரும் போகும், மழையை உறிஞ்சி வைத்திருப்பது அந்த மேடுதான். ஆக உங்கள் பதிவேட்டில் மணல்மேட்டை "தரிசு" என்று எழுத விடாதீர்கள். கடற்கரை மண்டல அறிவிக்கையில் மணல்மேடு, அலையாத்தி, பவளம், கடற்புல், ஆமை முட்டையிடும் இடம் எல்லாம் முதல் வகைப் பாதுகாப்பில் வருகின்றன, அதில் புதுக் கட்டுமானம் எழுப்புவது லேசில் நடக்காது. ஆனால் அரசு வரைபடத்தில் அது மணல்மேடு என்று குறித்திருந்தால்தானே? மீனவர் குடியிருப்பு, மீன் காயவைக்கிற இடம், படகு ஏற்றி வைக்கிற இடம் இதெல்லாம் அந்த வரைபடத்தில் வர வேண்டியவை, விட்டுப்போன ஊர்கள் நிறைய. சர்வே எண்ணோடு, போட்டோவோடு உங்கள் பதிவேட்டில் இருந்தால் அதை வைத்து ஆட்சேபம் எழுதலாம்.

பவளத்தை வெட்டி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊருக்கு நேராகவே சாட்சி கிடக்கிறது. பூவரசன்பட்டி என்று ஒரு தீவு, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் சுற்றியிருந்த பவளக்கல்லை எடுத்து எடுத்து இப்போது தண்ணீருக்குள் போய்விட்டது. 21 தீவு என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம்.

தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். ஊர்க் கிணறு ஒவ்வொன்றிலும் மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது குடிநீர்த் தரம். ஒரு வருஷக் கணக்கு கையில் இருந்தால் வளர்ச்சித் திட்டத்தில் ஊரணிக்குப் பணம் கேட்கும்போது வாய் பேச வேண்டாம், நோட்டு பேசும்.


ஜெராக்ஸ்கடை தம்பி

எல்லாருக்கும் நன்றி. உப்புக்காற்று அண்ணே, உங்கள் யோசனைப்படி 400-ஐ வாங்கிக்கொண்டேன், அதில்தான் மீட்டருக்கு முன்பணம்.

குழுப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். ஐயா சொன்னது அப்படியே பலித்தது, அதில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஒருவர் சிங்கப்பூரில், பெண்கள் மூன்று பேரில் ஒருவர் என் சித்தி. சித்தியிடம் சொன்னால் "நான் எப்ப கையெழுத்துப் போட்டேன்" என்கிறார். புதுக் குழுவுக்கு கிராம சபையில் பெயர் சொல்வதாக முடிவு. எங்கள் ஊர் மூவாயிரத்துக்குள் என்பதால் கோரம், அதாவது குறைந்தது வர வேண்டியவர்கள், நூறு பேர், அதற்கு ஆள் சேர்க்கிற வேலையைப் பாசிக்குப் போகிற பெண்களே எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாவிடம் அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். இடத்தை எழுதாமல் தொழிலை மட்டும் எழுதுவது என்றதும் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் அவராகவே பாசி பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார், நான் கேள்விப்படாத இரண்டு பெயர் உட்பட. ராத்திரி பத்து மணி வரை எழுதினேன். நடுவில் ஒரு தடவை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஒரு வரியை அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. கிழக்குக் கிணறு போன வருஷம் வரை நன்றாக இருந்தது, இன்றைக்கு இரவல் மீட்டரில் அளந்தால் 2600 காட்டுகிறது. பக்கத்தில் யாரும் மோட்டார் போடவில்லை. காக்கா, மீட்டர் தப்பா, வேறு ஏதாவது காரணம் இருக்குமா?


கீழக்கரை காக்கா

மீட்டரை முதலில் கேன் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், அதிலும் தாறுமாறாகக் காட்டினால் மீட்டர்தான் கோளாறு. அது சரியாக இருந்தால் கிணற்றுக்குக் கடல் பக்கம் நடந்து போய்ப் பாருங்கள், அங்கே மண் அள்ளியிருக்கிறார்களா என்று. போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.